நான்காம் எண் வீட்டுக்கு வழி

மூன்று பக்கமும் கடல் உள்ள எங்கள் தலைநகரத்தில், "கடல் பக்கம் திரும்புங்க" என்று வழி சொல்வதில் பொருளே இல்லை. ஆனாலும் ஊரார் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டவரும் தலையாட்டிவிட்டுத் தப்பாகப் போவார். தப்பாமல் போகிற ஒருவரை நான் அறிவேன். மீன் சந்தைக்குப் பத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம் பனிக்கட்டி வண்டி ஓட்டியவர். ஆள் ஒருக்களித்து நடக்கும் சந்திலும் வண்டியை நுழைத்து எடுப்பதால் எல்லாருக்கும் அவர் ஊசியக்கா.

அவருக்கு டாக்சி ஓட்ட ஆசை. பனிக்கட்டி பேசாது, அவருக்கோ பேசாமல் இருக்க முடியாது. ஆனால் டாக்சி உரிமத்துக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. அதிகாரி தெருப்பெயரைச் சொன்னால் வழி சொல்ல வேண்டும். பன்னிரண்டு கேள்வி, ஒன்று தவறினாலும் தோல்வி. நகரத்தின் தெருப்பதிவேடு என் பொறுப்பில் இருந்ததால், விடையைச் சரிபார்க்க நானும் உட்கார்ந்திருப்பேன். ஊசியக்கா ஆறு முறை தோற்றார். ஆட்சி மாறும்போதெல்லாம் தெருப்பெயர் மாறும், மக்களின் நாக்கு மாறாது. "ஒற்றுமைச் சாலை" என்று அதிகாரி கேட்டால், "எது சார், பல் டாக்டர் முனையா?" என்பார். அந்தப் பல் டாக்டர் இறந்து முப்பத்தோர் ஆண்டு ஆகியிருந்தது.

ஏழாம் முறை வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு புது உரிமம் தர மாட்டார்கள். அதனால் புதுப்பெயர்களை உருப்போட்டு வந்திருந்தார். பதினொரு கேள்விக்கு மடமடவென்று பதில் வந்தது.

"கடைசிக் கேள்வி. கலங்கரைத் தெரு, நாலாம் நம்பர் வீடு. எப்படிப் போவீங்க?"

"போக முடியாது சார்."

"வழி தெரியாதா?"

"வழி தெரியும். வீடுதான் இல்ல. ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் கடல் எடுத்துக்கிச்சு. அங்க போக டாக்சி பத்தாது, படகு வேணும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். பதிவேட்டில் நான்காம் எண் இருந்தது, என் கையெழுத்திலேயே.

"அண்ணே, நீங்க அந்தத் தெருப் பக்கம் கடைசியா எப்ப போனீங்க?" என்றார் ஊசியக்கா.

தேதியைச் சொன்னேன். இருபத்திரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதி. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, நேர்லயே பாத்துடலாம்."

பதிவேட்டை என் மடியில் வைத்துக்கொண்டு, பனிக்கட்டி வண்டியின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தலைமைச் செயலகத்தைச் சுற்றி, துறைமுகச் சுவரை ஒட்டி, துணி காயும் இரண்டு சந்துகள் வழியாக ஏழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். தெரு ஒன்பதாம் எண் வீட்டோடு முடிந்தது. அந்த வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலாம் நம்பர் எங்கங்க?" என்றார் அதிகாரி.

"அதோ, அந்த ரெண்டாவது அலைக்குப் பின்னாடி. என்ன, லெட்டர் குடுக்கணுமா?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. பதில் சரியா, தப்பா?"

"பதில் சரி. பதிவேடுதான் தப்பு" என்றேன்.

அதிகாரி வண்டியின் எஞ்சின் மூடிமேல் தாளை வைத்து "தேர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் பதிவேட்டைத் திறந்து எட்டு வரிகளைக் கோடிட்டு அடித்தேன். ஊசியக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஒன்பதை மட்டும் பென்சில்ல மாத்தி எழுதிக்குங்க, அழிக்கச் சுலபமா இருக்கும்."

"ஏம்மா, நான் இன்னும் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினார் வாசற்படிக்காரர்.