நாட்டை விட்டுக்கொடுக்காத சமையல்காரர்

டாவோஸ் ஹோட்டலில் நான் கோப்பை கழுவியபோது, கூட ஒரு சீனச் சமையல்காரர் இருந்தார். குள்ளமான மனிதர். கோடையிலும் சுடுதண்ணீர்தான் குடிப்பார்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சுவிஸ்காரத் தலைமைச் சமையல்காரர் அவரைச் சீண்டினார்.

"உங்கட நாட்டில வாய் திறந்தா பிடிச்சு மறியல்ல அடைப்பாங்களாமே?"

சீனர் கரண்டியைக் கீழே வைத்தார். "நீர் அங்க வந்து பாத்தனீரோ? என்ர அப்பா செருப்பில்லாமல் நடந்தவர். இண்டைக்கு என்ர தம்பி சொந்தமாத் தொழிற்சாலை நடத்திறான். எங்கட அரசாங்கம்தான் வழி விட்டது."

பிறகு துணைக்கு என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும். உங்கட அரசாங்கத்தைக் குறை சொன்னா விடுவீரோ?"

அந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்த அகதி நான்.

"கோப்பை குவிஞ்சு கிடக்கு, போறன்" என்று எழுந்துவிட்டேன்.

அவர் சொன்னதெல்லாம் சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் அரசாங்கத்துக்காக அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை. அந்தக் கோபத்தின்மேல் எனக்கு இன்றும் பொறாமை.