பேண்டேஜ் துணிச் சுவர்

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கலைக் கண்காட்சி. பேண்டேஜ் துணிகளைத் தரை வரை தொங்கவிட்டுச் புதிர்ப்பாதை அமைத்திருந்தார்கள். முன்னால் ஓடிய என் ஐந்து வயது மகளைக் காணோம். நான்கு பக்கமும் வெள்ளைத் துணி. ஆபரேஷனுக்குப் பயந்தவன் மாதிரி அலறினேன்.

"கத்தாதிய சார், புள்ள இங்கதான் நிக்கு. துணியத் தூக்கிட்டு வாங்க."

தூக்கினேன். வெளியே நரைமீசைக் காவலாளி. வெளியே வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் எனக்கும் ஒன்று வைத்தார்.

"சின்னப்புள்ளைக குனிஞ்சு வந்துருதுக. பெரியவியதான் துணியச் சுவருன்னு நம்பிச் சுத்துதாவ."

போன உயிர் திரும்பிய தெம்பில், "நீங்க மாட்டலயாக்கும்?" என்றேன்.

"மொத நாளு உள்ள நின்னு பொண்டாட்டிக்குப் போன் போட்டேன் சார்."

நிஜமா, என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னதா, இன்னும் தெரியவில்லை.