லீவு கிடைக்காத அம்மா

கோடை முகாமில் உதவப் பெற்றோர் யாராவது வர முடியுமா என்று மகளின் சாரணர் படையில் கேட்டபோது, முதல் ஆளாகக் கையைத் தூக்கியவன் நான்தான். சேவை மனப்பான்மை எல்லாம் ஒரு புண்ணாக்கும் இல்லை. மனைவி இறந்தபின் வீட்டில் நானும் மகளும் மட்டும். ஷிப்ட் முடிந்து நான் ஹெப்பாள் வீட்டுக்கு வந்தால் "சாப்ட்டியா?", "ம்" என்பதோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும். அவள் வளவளவென்று பேசியதெல்லாம் அம்மாவிடம்தான். முகாமிலாவது என்னிடம் பேச மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

முதல் நாளே அதில் மண் விழுந்தது. முகாமில் சொந்தபந்தம் கிடையாதாம். பெற்ற அப்பனாக இருந்தாலும் "சார்". சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். என் மகளும் வரிசையில் வந்து இடது கையை நீட்டி, கன்னடத்தில் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

என்னைச் சமையல் பந்தலில் போட்டார்கள். கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே அவள் தோழிகளோடு விழுந்து விழுந்து சிரிப்பது பந்தல்வரை கேட்கும். சாம்பார் வாளியோடு நான் கிட்டப் போனால் சிரிப்பு நின்றுவிடும். போதும் என்று சொல்ல, "ஸாக்கு சார்" என்று தட்டைக் கையால் மறைப்பாள். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், வீட்டில் இருந்ததைவிடத் தனியாக இருந்தேன். கோபமும் வந்தது.

கடைசி நாள் பிள்ளைகளே விறகு மூட்டிச் சமைத்து, அப்பா அம்மாவைப் பாயில் உட்காரவைத்துப் பரிமாறுவது அங்கே வழக்கம். முந்தின சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே மகள் வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "அப்பா" என்றாள்.

"நாளைக்கு நீ பாய்ல உக்காராத. பந்தல்லயே இரு."

"ஏன் கண்ணு?"

"நீ தனியா உக்காந்தா அம்மா எங்கன்னு கேப்பாங்க. நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. அம்மா கார்மெண்ட்ஸுக்கு வேலைக்குப் போறாங்கன்னு சொல்லிருக்கேன். நீ சொல்லிராத, ப்ளீஸ்."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. மறைத்து வைக்க அவள் என்ன குற்றம் செய்துவிட்டுச் செத்தாள்? திட்டத்தான் வாயைத் திறந்தேன். மகளின் உதடு கோணிக்கொண்டு போவதைப் பார்த்ததும் "சரி" என்றுவிட்டேன்.

மறுநாள் அவள் தன் தோழியின் அம்மாவுக்குப் பாயசம் ஊற்றி, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் பந்தலில் அண்டாவைத் தேய்த்தேன். மகள் ஆக்கிய சோற்றைத் தின்ன எனக்கும்தான் ஆசையாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அந்தத் தோழியின் அம்மா பந்தலுக்கே வந்துவிட்டார். உங்கள் வீட்டுக்காரி வரவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார். பின்னாலேயே வந்து நின்ற மகள் என் முகத்தையே பார்த்தாள்.

கார்மெண்ட்ஸில் லீவு தரவில்லை என்றேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மனைவி இருந்தபோது பள்ளிக்கூட விழாக்களில் யார் கேட்டாலும் நான் சொல்லிவந்த பதில்தான் அது. அப்போது அது உண்மை. சொன்ன நொடியில், அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்றே எனக்கும் தோன்றிவிட்டது.

அந்த அம்மா உச்சுக்கொட்டினார். தன் டிபன் பாக்ஸைக் கழுவி, பாயசத்தை நிரப்பி மகள் கையில் கொடுத்தார். மகள் செய்ததை அம்மா ருசி பார்க்க வேண்டாமா என்றார். மகள் தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் அது சிந்தாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஹெப்பாள் நெருங்கும்போது, "அப்பா, இத என்ன பண்றது?" என்று கேட்டாள்.

நாம் இரண்டு பேரும் குடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். டிபன் பாக்ஸின் மூடியை இன்னொரு தரம் அழுத்தி மூடினேன்.