என் மகள் ஓடாமல் இருந்த வருடம்

விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டே போன வருடங்களில் நானும் என் கணவரும் சண்டையில்லாமல் பேசிக்கொண்டது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். அது எங்கள் மகளின் எண்ணூறு மீட்டர் ஓட்டம்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க மகள் என்னோடு இருப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டால் ஆம்பூரில் அவர் வந்து இறக்கிக்கொள்வார். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வருவாள். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். போட்டி என்றால் மட்டும் அவர் நேரில் வருவார். மற்ற நாளில் வார்டு போனுக்குத்தான் கூப்பிடுவார்.

"டைமிங் எவ்ளோ?"

சொல்வேன்.

"இன்னும் கம்மி பண்ணணும்" என்பார். வைத்துவிடுவார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். புருஷனை விட்டு வந்தவள் பிள்ளையை எப்படி வளர்க்கிறாள் என்று சர்ச்சில் ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. மகள் மெடலோடு வந்தால் ஒரு வாரத்துக்கு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவருக்கும் கம்பெனியில் அப்படி ஏதோ ஒரு தேவை இருந்திருக்கும்.

காலையில் ஐந்தரைக்கு அவளை எழுப்பி கிரவுண்டுக்குக் கூட்டிப்போவேன். அவள் ஓடி முடித்ததும் பள்ளியில் விட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடுவேன். சாயங்காலம் பள்ளியில் பி.டி. மிஸ் மறுபடி ஓடவைப்பார். அவள் வீட்டுப்பாட நோட்டின் மேலேயே தலைவைத்துத் தூங்கிவிடுவாள். களைப்பு நல்லது என்று நினைத்தேன். நானும் களைத்துத்தான் இருந்தேன். அந்த வீட்டில் களைக்காத ஆள் யார்?

ஏழாம் வகுப்புப் பாதியில் கால் வலிக்கிறது என்றாள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில். நான் நர்ஸ். வலி என்றால் என்ன என்று தெரிந்தவள். ஐஸ் வைத்தேன், கிரேப் பேண்டேஜ் கட்டினேன், "மாவட்டப் போட்டி முடியட்டும்டி" என்றேன். போட்டியில் இரண்டாவதாக வந்தாள். வழக்கம்போல, கோட்டைத் தாண்டியதும் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டாள். எப்போதும் ரொம்ப நேரம் அப்படிப் படுத்துக் கிடப்பாள். மற்ற பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். இவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். அன்று எழுந்து நடக்கும்போது நொண்டினாள்.

மறுநாள் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். எலும்பில் மெல்லிய விரிசல் என்றார்.

"வாரத்துல எத்தன நாள் ரெஸ்ட் குடுக்குறீங்க, சிஸ்டர்?"

"ஞாயித்துக்கிழம ரெஸ்ட்தான் டாக்டர்."

"இல்ல டாக்டர்" என்றாள் மகள். "சண்டே அப்பா பாலாத்து மணல்ல ஓட வெப்பாரு. மணல்ல ஓடுனா கால் ஸ்ட்ராங் ஆவுமாம்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன செய்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆம்பூர் வீட்டைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

அவர் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னேன். எக்ஸ்ரே, கட்டு எல்லாம் முடிவதற்குள் அவர் வந்துவிட்டார். கம்பெனி சட்டையோடு, கையில் ஒட்டுப்பசை வாடையோடு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். வராண்டா பெஞ்சில் மகளை நடுவில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஆரம்பித்தோம்.

"நர்ஸுதானே நீ? புள்ள கால் இப்படி ஆயிருக்கு, உனக்குத் தெரியல?"

"மணல்ல ஓட வெச்சது யாரு? நானா?"

"வாரமெல்லாம் நீ ரெஸ்ட் குடுப்பேன்னு நெனச்சேன்."

"நான் நீங்க குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

 அப்போதுதான் மகள் பேசினாள். கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கால் நல்லாய்ட்டாலும் நான் ஓட மாட்டேன். எனக்கு பேஜாரா இருக்கு."

"எண்ணூறு மீட்டர் கஷ்டமா இருக்கா கண்ணு?" என்றார் அவர்.

"ஓடுறது கஷ்டமில்லப்பா. முடிச்சப்புறம்தான். அம்மா கேலரில ஒரு பக்கம் நிப்பாங்க, நீங்க இன்னொரு பக்கம். மொதல்ல யார்கிட்ட வர்றதுன்னு தெரியாது. அதான் படுத்துக்குவேன். யாராவது ஒருத்தர் வந்து தூக்குவீங்கன்னு."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்து வராண்டா கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். நான் எழுந்திருக்கவே இல்லை.

அன்று கேன்டீனில் அவளுக்குப் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்தோம். அவளாகக் கேட்கும்வரை ஓட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்று பேசி முடித்தோம். கல்யாணமான பிறகு நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவுகளில் நின்றது அது ஒன்றுதான். அடுத்த சில மாதங்களில் தீர்ப்பும் வந்தது.

முடிவெடுப்பது சுலபம். அதன்படி இருப்பது கஷ்டம். முதல் ஞாயிற்றுக்கிழமையே வார்டுக்குப் போன் வந்தது.

"நாள் பூரா இவளோட இன்னா பண்றது?"

"தூங்க விடுங்க."

"பத்து மணி ஆவுது. இன்னும் தூங்குறா."

"தூங்கட்டும்."

பி.டி. மிஸ் என்னை வழியில் நிறுத்தி, நல்ல திறமையை வீணாக்குகிறீர்கள் என்று வருத்தப்பட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டுப் பிரித்த பிறகும் மகள் சும்மாவேதான் இருந்தாள். டிவி பார்த்தாள், வாராந்தரி படித்தாள், கன்னம் உப்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவளுடைய ஸ்பைக் ஷூவைத் துடைத்து, பள்ளியிலிருந்து வந்ததும் கண்ணில் படும்படி கதவோரம் வைத்தேன். அவள் பார்த்தாள். காலால் நகர்த்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உள்ளே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாக்கை மீறியது நான்தான். இதை அவள் அப்பாவிடம் நான் சொல்லவேயில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், முகமெல்லாம் புழுதியோடு பள்ளியிலிருந்து வந்தாள். ரிலேயில் ஒருத்திக்குக் காய்ச்சலாம். தோழிகள் கெஞ்சியதால் மூன்றாவது ஆளாக ஓடினாளாம்.

"பேட்டன் குச்சிய குடுக்குறப்போ கீழ போட்டுட்டேன்மா. எல்லாரும் சிரிச்சிட்டோம். நாலாவது வந்தோம்."

அவளுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. கேலரியில் நான் இல்லை. அவரும் இல்லை. நாங்கள் பார்க்காமல் அவள் ஓடிய முதல் போட்டி அதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை ரிலே மட்டும் ஓடினாள். எண்ணூறு மீட்டர் பக்கம் போகவேயில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குச் சோறு போட்டேன். யார் எங்கே இடறினாள், யார் தப்பான ஆளிடம் கையை நீட்டினாள் என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். எனக்கு மத்தியான டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.