இடது காதில் வராத சலங்கை

இருங்காட்டுக்கோட்டையில் என் அறையில் கூட இருந்த தூத்துக்குடிக்காரனுக்குப் பாட்டுப் பைத்தியம். ஒரு ஞாயிறன்று எலக்ட்ரோஸ்டேடிக் இயர்போன் இரண்டு ஜோடி இரவல் வாங்கி வந்தான். காகிதத்தைவிட மெல்லிய படலம் அதிர்ந்துதான் அதில் சத்தம் வருமாம்.

"ரெண்டுலயும் ஒரே பாட்டுதான் போடுதேன் மாப்ள. எதுல சலங்கை நல்லா கேக்குன்னு சொல்லு" என்றான்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இன்னாடா, ரெண்டுமே டப்பா. லெஃப்டுல சலங்கையே காணோம்" என்று கத்தினேன்.

அவன் என் இடது காதிலிருந்ததைக் கழற்றி வலது காதில் வைத்தான். சலங்கை கலகலவென்று கேட்டது.

நான் வேலை பார்க்கும் பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கும் சத்தத்துக்கு இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளச் சொல்லித்தான் பஞ்சு தருவார்கள். சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காவிட்டால் ஏச்சு விழும். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரு காதைத் திறந்தே வைத்திருப்போம். நான் ஏழு வருடமாகத் திறந்து வைத்திருந்தது இடது காதை.

மறுநாள் வலது காதில் இருந்த பஞ்சையும் எடுத்துவிட்டு வேலைக்கு நின்றேன். சூப்பர்வைசர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.