ஐந்தாம் கம்பத்து உப்பு

ஆய்வு நிலையத்தில் அவரை ‘உப்பக்கா’ என்பார்கள். கடலோர ஏரியில் நட்டிருக்கும் ஏழு கம்பங்களுக்கும் தினமும் படகில் போய், நீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து எழுதுவது அவர் வேலை, பதினெட்டு வருஷமாகிறது. கருவி மக்கர் செய்தால் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பெரும்பாலும் நாக்குதான் ஜெயிக்கும்.

முப்பது வருஷத்தில் ஏரி எப்படி மாறும் என்று அந்த எண்களை வைத்துக் கணினியில் கணித்தார்கள். கரையோர நாணல் அப்படியே இருக்கும் என்று விடை வந்தது. அலையை நாணலே தாங்கிக்கொள்ளும், தடுப்புச்சுவர் வேண்டாம் என்று மேலிடம் முடிவெடுத்தது. நாணலுக்குப் பின்னால் இருப்பது துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. முதல் வரிசையில் உப்பக்காவின் தங்கை வீடு. எதிர்க்கரைப் பங்களாக்களுக்குச் சுவர் கட்டி ஆறு வருஷமாகிறது. அதற்கு யாரும் கணினியைக் கேட்கவில்லை.

உப்பக்கா நேரே கணினிப் பிரிவுத் தலைவரிடம் போனார்.

"அஞ்சாம் கம்பத்துல உப்பு ஏறி நாணல் இப்பவே கருகிக் கெடக்கு. உங்க மெஷின் எந்த ஏரியப் பாத்துச்சு சார்?"

"நீங்க எழுதினதத்தான் போட்டோம்கா."

"எங்க, காட்டுங்க."

திரையில் நான்கு கோடைகளுக்கு வெற்றுக் கட்டங்கள். உப்பின் அளவு பழைய சராசரியைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கருவிக் கோளாறு, நீக்கிவிடு என்று என்றோ ஒரு விதி எழுதிவைத்திருந்தார்கள். ஏரி மாறத் தொடங்கியதும், அதைச் சொன்ன எண்களை எல்லாம் விதி ஒழுங்காகப் பொறுக்கி எறிந்திருந்தது. பிறகு ஏரி மாறாது என்று விடை வந்ததில் என்ன அதிசயம்?

உப்பக்கா பென்சிலில் எழுதிய பழைய நோட்டுகளை மேசைமேல் போட்டார்.

"மூணு கம்பத்துல, ஒரே நாள்ல, நான் கொண்டுபோற ரெண்டு கருவியும் சொல்லிவெச்சுக் கெட்டுப்போச்சா?"

"அறிக்கை போயிடுச்சேக்கா. இப்ப திருத்தினா என் தலை உருளும்."

"உங்க தலை காஞ்ச எடத்துல உருளும் சார். என் தங்கச்சி வீட்டுப் பானை தண்ணியில உருளும்."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு மறுக்க முடியவில்லை. இரண்டு நாள் உப்பக்கா படிக்கப் படிக்க, அவர் அந்த விதியை எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்தார். புதிய விடை: பதினோரு வருஷத்தில் நாணல் இருக்காது. திருத்திய அறிக்கையில் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார்.

நான்காம் மாதம் சுவருக்கு அனுமதி வந்தது. தங்கை வீட்டுக்கு முன்னால் முளை அடித்த அன்றும் உப்பக்கா படகில்தான் இருந்தார். ஐந்தாம் கம்பத்தில் அளவு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. எழுதிக்கொண்டார். மாலையில் கணினிப் பிரிவுக்குப் போய்த் திரையை எட்டிப் பார்த்தார். அன்றைய எண் அங்கே இருந்தது.