லோடருக்குப் பிராக்கெட் செய்தவர்

சிதம்பரத்துக்குப் பக்கம் கிள்ளையில் எங்கள் தோட்டத்து வடிகால் மழைச் சேற்றால் அடைத்துப்போய், கொய்யாக் கன்றுகள் தண்ணீரில் நின்றன. சேற்றை அள்ள, டிராக்டரின் முன்னால் மாட்டுகிற பழைய லோடர் ஒன்று வாங்கினேன். அது எங்கள் மினி டிராக்டரில் பொருந்தவில்லை. இரண்டையும் இணைக்கிற பிராக்கெட் செய்ய, சிதம்பரத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு டிராக்டரை ஓட்டிப் போனேன்.

வெல்டர் ஒரு பெண். ஐம்பதை நெருங்கும் வயது; சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. பற்றவைத்த இடத்தைச் சுத்தியலால் தட்டி, தலையைச் சாய்த்து, அதன் சத்தத்தைக் கேட்பது அவர் வழக்கம்.

"வண்டிய யாரு ஓட்டுவாங்க?" என்றார்.

"தோட்டத்துல என் வீட்டுக்காரம்மாதான்."

"அவுங்களேவா?" கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும், "லோடு ஏத்துனா வெல்டிங் எப்டி நிக்குதுன்னு நாளைக்கு வந்து பாக்குறேன்" என்றார்.

சொன்னபடியே பஸ் ஏறி வந்தார். என் மனைவி சேற்றை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டினாள். பிராக்கெட் அசையவில்லை. தேங்கிய தண்ணீர் மெதுவாக நகரத் தொடங்கியது. வெல்டரின் பார்வை மட்டும் மனைவியின் கைகளிலேயே இருந்தது.

"நான் ஒரு ரவுண்டு ஓட்டட்டா? எத்தினியோ வண்டிக்கு வெல்டிங் வெச்சிருக்கேன். ஒண்ணுலயும் ஏறி உக்காந்ததில்ல."

"ஏறுங்கக்கா" என்று மனைவி இறங்கி இடம் கொடுத்தாள்.

மனைவி சொல்லச் சொல்ல, வேலி வரை போய்த் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. டீகூடக் குடிக்காமல், பட்டறை திறக்க வேண்டுமென்று கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. பிராக்கெட்டை அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.